கனவும் உறக்கமும்

மாந்தர் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறக்கத்திற் கழிகின்றது. அறுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் இருபது ஆண்டுகளை உறங்கியே கழித்தவராவர். அவ்விருபது ஆண்டுகளும் வெறும் இருளாகவே கழிந்தனவோ எனின், இல்லை. கண்கள் மூடியிருக்கவே காட்சிகளைக் காண்கின்றோம். கால்கள் கட்டிலிற் கிடக்கவே ஊர் பலவற்றைச் சுற்றி வருகின்றோம். மறைந்துபோன பாட்டனாரோடு அளவளாவுகின்றோம். படிக்காத பாடத்தில் தேர்வெழுத உட்கார்ந்து நடுங்குகின்றோம். விழித்தவுடன் அவையெல்லாம் கதிரவனைக் கண்ட பனிபோல் மறைந்துவிடுகின்றன. இவ்வாறு உறக்கத்தில் தோன்றி மறையும் காட்சிகளையே கனவு என்கின்றோம்.

கனவைப் பற்றி எண்ணாத நாட்டினர் இலர். பண்டைக் கிரேக்கர், நோயுற்ற காலத்தில் கோயில்களிற் சென்று உறங்கி, நோய் தீர்க்கும் வழி கனவில் தோன்றும் எனக் காத்திருந்தனர். நம் சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் எடுத்துரைக்கின்றாள். அப்பகுதிக்குக் ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்றே பெயர். திருக்குறளிலும் ‘கனவுநிலை உரைத்தல்’ என ஓர் அதிகாரம் உண்டு. இங்ஙனம் கவிஞரும் கணியரும் கனவைப் பற்றி நிரம்பப் பேசினர். ஆனால், கனவு எவ்வாறு தோன்றுகின்றது, எப்போது தோன்றுகின்றது, எதற்காகத் தோன்றுகின்றது என்னும் வினாக்களுக்கு மட்டும் நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. விண்மீனை ஒருவர் கண்டால், மற்றவரும் அதனைக் கண்டு சரிபார்க்கலாம். கனவைக் காண்பவரோ ஒருவரே. அவரும் காணும்போது உறங்குகின்றார். விழித்தபின் பெரும்பகுதியை மறந்துவிடுகின்றார். எஞ்சியதைச் சொல்லும்போது கூட்டியும் குறைத்தும் சொல்கின்றார். பக்கத்தில் இருப்பவருக்கு மூடிய கண்களும் அசையாத உடலுமே தெரிகின்றன. பிறர் எவரும் காண இயலாத ஒன்றை எப்படி அளப்பது? இந்த இடர்ப்பாட்டை அறிஞர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதே கனவு ஆராய்ச்சியின் வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் ஆல்பிரெட் மோரி என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் தாம் கண்ட கனவு ஒன்றை 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தாம் பிடிக்கப்பட்டு, வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டு, கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, தம் கழுத்தின்மீது வெட்டுக்கத்தி விழுந்ததாக அவர் கனாக் கண்டார். அஞ்சி விழித்துப் பார்த்தால், கட்டிலின் ஒரு பகுதி கழன்று கழுத்தின்மேல் விழுந்திருந்தது! கழுத்தில் அடி விழுந்த நொடிக்கும் விழித்த நொடிக்கும் இடையிலேயே அவ்வளவு நீண்ட கனவும் தோன்றியிருக்க வேண்டும் என அவர் கருதினார். ‘கனவு ஒரு நொடியில் முடிந்துவிடும்’ என்னும் நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது. அது மெய்யா, பொய்யா என ஆய்ந்து பார்க்க அக்காலத்தில் வழியில்லை.

வழியைத் திறந்தது மின்சாரம். நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும்போது மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகின்றது. செர்மனி நாட்டின் யேனா நகரில் வாழ்ந்த ஆன்சு பெர்கர் என்னும் மருத்துவர், தலையின்மேல் தகடுகளைப் பொருத்தி அம்மின்னோட்டத்தைத் தாளில் அலைகளாகப் பதிவு செய்தார். 1924ஆம் ஆண்டில் தொடங்கிய தம் ஆய்வை 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். மண்டையைத் திறவாமலே மூளையின் செயலைக் கண்டறியும் கருவி மனிதனுக்குக் கிடைத்தது. விழித்திருக்கும்போது மூளையலைகள் விரைந்து சிறுசிறு அலைகளாக எழுகின்றன. உறக்கம் ஆழ ஆழ, அவை மெதுவாகப் பெரிய அலைகளாக மாறுகின்றன. ஆகவே, உறக்கம் என்பது மூளை படிப்படியாக ஓய்ந்து அடங்கும் நிலை என்றே எல்லாரும் கருதினர். அக்கருத்தை ஓர் எளிய மாணவர் தகர்த்தெறிந்தார்.

அவர் பெயர் யூசின் அசெரின்சுகி. அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் கிளைட்மன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். கிளைட்மன் உறக்க ஆராய்ச்சிக்கே தம் வாழ்நாளை ஈந்தவர். பகலும் இரவும் அறிய முடியாத இடத்தில் மனிதன் எவ்வாறு உறங்குவான் என்பதைக் காண, 1938ஆம் ஆண்டில் தம் மாணவர் ஒருவருடன் கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையினுள் 32 நாள்கள் தங்கியிருந்தவர். அசெரின்சுகியோ வறுமையில் உழன்றவர். முறையாகப் பட்டம் பெறாமலே ஆராய்ச்சிக்கு வந்தவர். மனைவியையும் மகனையும் காக்க வேண்டிய பொறுப்புடையவர். உறங்கும் குழந்தைகளின் இமையசைவைக் கவனிக்கும் வேலையைப் பேராசிரியர் அவருக்குக் கொடுத்தார். தொட்டிலருகே திங்கள் பலவாகப் பொறுமையோடு அமர்ந்து அவர் குறிப்பெடுத்தார்.

பின்னர், கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய மூளையலைப் பதிவுக் கருவி ஒன்றை அவர் கண்டெடுத்துச் செப்பனிட்டார். 1951ஆம் ஆண்டின் இறுதியில், எட்டு வயது நிரம்பிய தம் மகனையே படுக்கவைத்து, அவன் தலையிலும் கண்களின் ஓரத்திலும் கம்பிகளைப் பொருத்தி, அடுத்த அறையில் அமர்ந்து கருவியை நோக்கினார். ஓர் இரவில் அக்கருவி அரை மைல் நீளமுள்ள தாளை எழுதித் தள்ளும். சிறுவன் உறங்கினான், எழுதுகோல்கள் அடங்கின. சிறிது நேரம் சென்றது. திடீரென அவை மேலும் கீழும் துள்ளத் தொடங்கின. சிறுவன் விழித்துக்கொண்டான் போலும் என எண்ணித் தந்தை எட்டிப் பார்த்தார். அவனோ ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான்!

‘பழைய கருவி பழுதுபட்டுவிட்டது’ என்றே அசெரின்சுகி முதலில் ஐயுற்றார். வேறொருவராக இருந்தால் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வீடு சென்றிருக்கக்கூடும். அவர் அவ்வாறு செய்யவில்லை. கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்தார். இரண்டு கண்களுக்கும் தனித்தனியே கம்பி அமைத்துப் பார்த்தார். வளர்ந்தவர்கள் பலரை உறங்கவைத்துப் பார்த்தார். எல்லாரிடமும் அதே நிகழ்ச்சி காணப்பட்டது. மூடிய இமைகளுக்குக் கீழே விழிகள் இரண்டும் ஒருசேர இங்குமங்கும் விரைந்து ஓடின. அவ்வேளையில் மூளையலைகளும் விழித்திருப்பவருடைய அலைகளைப் போன்றே இருந்தன. கிளைட்மன் எளிதில் நம்புபவர் அல்லர். தம் மகளையே உறங்கவைத்துச் சோதித்த பின்னரே உண்மையை ஏற்றுக்கொண்டார்.

உறங்குபவனுடைய விழி எதனைத் தேடி ஓடுகின்றது? இவ்வினாவுக்கு விடை காணும் வழி மிக எளியது: உறங்குபவரை எழுப்பிக் கேட்டுவிடுவதே. விழிகள் ஓடும் வேளையில் 27 முறை எழுப்பிக் கேட்டபோது, 20 முறை தெளிவான கனவுகள் கூறப்பட்டன. விழிகள் அசையாத வேளையில் 23 முறை எழுப்பிக் கேட்டபோது, 19 முறை ஒன்றுமே நினைவில்லை என்னும் விடை வந்தது. இம்முடிவுகளை ஆசிரியரும் மாணவரும் 1953ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வெளியிட்டனர். கனவு தோன்றும் வேளையைப் பக்கத்திலிருப்பவர் அறிந்துகொள்ள ஓர் அடையாளம் முதன்முதலாகக் கிடைத்தது. அவ்வுறக்கத்திற்கு ‘விரைவு விழியசைவு உறக்கம்’ என்று பெயர் வழங்கலாயிற்று.

அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லியம் டிமென்ட் என்னும் இளைஞர் இவ்வாய்வை மேலும் விரித்தார். நம் இரவு எவ்வாறு கழிகின்றது என்பதை இன்று நாம் அறிவதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். கண்ணயர்ந்தவுடன் முதலில் மெல்லுறக்கமும், பின்னர் ஆழ்ந்த உறக்கமும் வருகின்றன. நெஞ்சத் துடிப்பும் மூச்சும் சீராகின்றன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழிந்தபின் விழியசைவு உறக்கம் தலைகாட்டுகின்றது. முதல்முறை சில நிமிடங்களே அது நீடிக்கும். பின்பு மீண்டும் ஆழ்ந்த உறக்கம், மீண்டும் விழியசைவு. இச்சுழற்சி ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறையாக, ஓர் இரவில் நான்கைந்து முறை நிகழும். இரவு கழியக் கழிய ஆழ்ந்த உறக்கம் குறைந்து, விழியசைவு உறக்கம் நீளும். விடியற்காலைக் கனவுகள் நீண்டும் தெளிந்தும் இருப்பதன் காரணம் இதுவே. இவற்றையெல்லாம் கூட்டினால், வளர்ந்தவருடைய உறக்கத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு விழியசைவு உறக்கமாகும். பிறந்த குழந்தைக்கோ உறக்கத்திற் பாதி அதுவே.

மோரியின் ஐயத்திற்கும் விடை கிடைத்தது. டிமென்டும் கிளைட்மனும், விழியசைவு தொடங்கி 5 நிமிடங்கள் கழிந்தபின் சிலமுறையும், 15 நிமிடங்கள் கழிந்தபின் சிலமுறையும் உறங்குபவரை எழுப்பி, ‘நீர் கனாக் கண்டது எவ்வளவு நேரம்?’ என்று வினவினர். 111 முறை கேட்டதில் 92 முறை சரியான விடை வந்தது. கனவு நொடிப்பொழுதில் முடிவதன்று. கனவில் நடக்கும் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நனவில் ஆகும் நேரமே ஆகின்றது என்பது புலனாயிற்று. இச்செய்தி 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கனவில் ஓடுகின்றோம், ஆனால் கால் அசைவதில்லை. கூவுகின்றோம், குரல் எழுவதில்லை. ஏன்? இதற்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து அறிஞர் மிசேல் சூவே. பூனைகளை ஆராய்ந்த அவர், விழியசைவு உறக்கத்தின்போது அவற்றின் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுவதை 1959ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். மூளை விழித்திருப்பதுபோல் இயங்க, உடல் மட்டும் துவண்டு கிடத்தலின், இதனை ‘முரணான உறக்கம்’ என்று அவர் அழைத்தார். மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்படும் ஆணை ஒன்று, தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவிடுகின்றது. மூச்சுத் தசையும் விழித்தசையுமே அவ்வாணைக்குத் தப்புகின்றன. அடித்தண்டின் அப்பகுதியை நீக்கிவிட்டால், உறங்கும் பூனை எழுந்து பதுங்கிப் பாய்ந்து, கண்ணுக்குத் தெரியாத இரையோடு போரிடுகின்றது! மனிதரிலும் முதியோர் சிலருக்கு இத்தடை தளர்ந்துவிடுவதுண்டு. அவர்கள் கனவில் அடிப்பவர்களாய்ப் பக்கத்தில் படுத்திருப்பவரையும் அடித்துவிடுவர். இஃது ஒரு நோய் என 1986ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தனர். ஆகவே, கனவில் கால் அசையாதிருப்பது குறையன்று. இயற்கை நமக்கு இட்ட காவல் என்க.

கனவில் நிகழ்வன ஏன் பொருத்தமற்றவையாய் இருக்கின்றன? காலஞ்சென்றவர் வருகின்றார், நாம் வியப்பதில்லை. வீட்டுக் கதவைத் திறந்தால் கடல் தெரிகின்றது, ஐயுறுவதில்லை. மூளையின் உட்பகுதிகளைப் படம்பிடிக்கும் கருவிகள் 1990களில் இதற்குக் காரணம் காட்டின. விழியசைவு உறக்கத்தில், அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்குரிய பகுதியும் காட்சிகளைத் தோற்றுவிக்கும் பகுதிகளும் முனைந்து வேலை செய்கின்றன. ஆராய்ந்து தெளிதற்குரிய நெற்றிப்புறத்துப் பகுதியோ அடங்கியிருக்கின்றது. நடுவர் இல்லாத ஆட்டக்களம் போன்றது கனவு. அவ்வேளையில் மூளையில் சுரக்கும் வேதிப்பொருள்களும் மாறுகின்றன. அசெட்டைல்கோலின் என்னும் பொருள் மிகுதியாகப் பரவ, நார் அட்ரினலின் என்னும் பொருள் பெரிதும் குறைந்துவிடுகின்றது. கனவு நினைவில் நில்லாமைக்கு இம்மாறுதலும் ஒரு காரணம் என அறிஞர் கருதுகின்றனர். ‘நான் கனவே காண்பதில்லை’ என்று சாதிப்பவர் பலரும், ஆய்வுக்கூடத்தில் உரிய வேளையில் எழுப்பப்பட்டால் தாம் கண்ட கனவைக் கூறுகின்றனர். அவர்கள் கனவு காணாதவர் அல்லர், மறப்பவர்.

பிறவியிலேயே பார்வையற்றவரும் கனாக் காண்கின்றனர். ஆனால், அவர்தம் கனவில் காட்சிக்கு மாறாக ஒலியும் மணமும் தொடுவுணர்ச்சியும் நிரம்பியிருக்கும். வளர்ந்தபின் பார்வை இழந்தவரோ கனவில் காட்சிகளைக் காண்பதுண்டு. நனவில் ஈட்டிய செல்வத்தைக்கொண்டே மனம் கனவில் வாணிகம் நடத்துகின்றது என்பது இதனால் விளங்கும்.

இனி, கனவு எதற்காக? இதனைப் பற்றி அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்டு பிராய்டு, நிறைவேறாது அடக்கப்பட்ட ஆசைகளே மாறுவேடம் பூண்டு கனவாக வருகின்றன என்றார். அவரது ‘கனவுகளின் விளக்கம்’ என்னும் நூல் 1900ஆம் ஆண்டின் பெயரோடு வெளிவந்து உலகெங்கும் பரவியது. எனினும், அக்கருத்தைச் சோதித்து மெய்ப்பித்தல் அரிதாயிற்று. 1977ஆம் ஆண்டில் ஆலன் ஆப்சன், இராபர்ட்டு மெக்கார்லி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வேறொரு கருத்தைக் கூறினர். மூளையின் அடித்தண்டிலிருந்து எழும் தாறுமாறான தூண்டுதல்களை மேல்மூளை கோத்துக் கதையாக்க முயல்கின்றது. அக்கதையே கனவு என்பது அவர்கள் கொள்கை.

கனவு, கற்றதைப் பதியவைக்கும் வேலையோடு தொடர்புடையது என்பார் மற்றொரு சாரார். இவர்களுக்குச் சான்றாக நிற்பவை எலிகள். எலி ஒரு பாதையில் ஓடும்போது, இந்த இடத்துக்கு இந்த அணு, அந்த இடத்துக்கு அந்த அணு என மூளையணுக்கள் வரிசையாகத் துடிக்கின்றன. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள், அவ்வெலி பின்னர் விழியசைவு உறக்கத்தில் ஆழ்ந்தபோது அதே வரிசையில் அதே அணுக்கள் துடித்ததை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலி உறக்கத்திலும் அப்பாதையில் ஓடியது போலும்! மனிதரைக்கொண்டும் ஒரு சோதனை நடந்தது. விழும் கட்டைகளை அடுக்கும் ‘டெட்ரிசு’ என்னும் கணிப்பொறி விளையாட்டைச் சிலருக்குக் கற்பித்தனர். கண்ணயரும் வேளையில் அவர்கள் மனக்கண்ணில் கட்டைகள் விழுந்தன. அவர்களுள் மூளைப் பழுதால் நினைவாற்றல் இழந்தவரும் இருந்தனர். தாம் விளையாடியதையே மறந்துவிட்ட அவர்களுள்ளும் சிலர், விழும் கட்டைகளைக் கண்டதாகக் கூறினர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இது. நாம் மறந்தாலும் மூளை மறப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கனவில் வரும் துரத்தலும் வீழ்தலும் இடர்களை எதிர்கொள்ள நம்மைப் பழக்கும் ஒத்திகை என்று பின்லாந்து நாட்டு அறிஞர் ஒருவர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். இக்கருத்துகளுள் ஒன்றே மெய், பிற பொய் எனக் கொள்ள வேண்டுவதில்லை. கை எழுதவும் உண்ணவும் பயன்படுவதுபோல், கனவும் பல பயன்களுடையதாய் இருத்தல் கூடும்.

அறிவியல் தன் முடிவுகளைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. விழியசைவு உறக்கத்தில் மட்டுமே கனவு தோன்றும் என முதலில் கருதினர். ஏனைய உறக்க நிலைகளிலும் கனவு தோன்றுவதுண்டு, ஆயின் அவை பெரும்பாலும் சுருக்கமானவை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. விழிகளைக்கொண்டு கனவோடு உரையாடவும் இப்போது வழி பிறந்துள்ளது. ‘இது கனவு’ என்று கனவிலேயே உணர்பவர் சிலர் உண்டு. அத்தகையோரிடம் உறக்கத்திலேயே கணக்கு ஒன்று கேட்கப்பட்டது: எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? உறங்கியவர் விழிகளை இருமுறை இடமும் வலமுமாக அசைத்து ‘இரண்டு’ என விடையளித்தார்! நான்கு நாட்டு அறிஞர்கள் 2021ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். பிறர் புகவே முடியாது எனக் கருதிய கோட்டையில் ஒரு சாளரம் திறந்துவிட்டது.

கனவு சில வேளைகளில் அறிவுக்கும் வழிகாட்டியதுண்டு. ஆசுதிரியாவின் கிராசு நகரில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் இருந்தார். நரம்பு தன் செய்தியை உறுப்புக்கு மின்சாரத்தால் அறிவிக்கின்றதா, வேதிப்பொருளால் அறிவிக்கின்றதா என்பது அக்காலத்துப் பெரும்புதிர். ஓர் இரவு அதனைத் தீர்க்கும் சோதனை லோவியின் கனவில் தோன்றியது. எழுந்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் பார்த்தால், தம் எழுத்தைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை! அன்று பகலெல்லாம் தவித்தார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை. உடனே ஆய்வுக்கூடத்துக்கு விரைந்தார். தவளையின் நெஞ்சப்பைகள் இரண்டை எடுத்து, ஒன்றன் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதனைச் சூழ்ந்திருந்த நீரை மற்றொன்றின்மேல் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. செய்தியைக் கொண்டுசென்றது வேதிப்பொருளே என்பது உறுதியாயிற்று. 1921ஆம் ஆண்டில் இதனை வெளியிட்ட அவருக்கு 1936ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வேதிப்பொருள் யாது தெரியுமா? அசெட்டைல்கோலின். எப்பொருள் மூளையிற் பெருகிக் கனவை எழுப்புகின்றதோ, அப்பொருளையே கனவு அவருக்குக் காட்டிக்கொடுத்தது!

இதனைக் கேட்டு, உறங்கினாற் போதும், அறிவு தானே வரும் என எவரும் எண்ணிவிடலாகாது. பல ஆண்டுகள் விழித்திருந்து சிந்தித்த உள்ளத்திற்கே அக்கனவு வந்தது. உழாத நிலத்தில் மழை பெய்து பயனென்ன? அதுபோலவே, உழுத நிலத்துக்கு மழை வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் மாணவர் பலர். விடியற்கால உறக்கத்தைக் குறைப்பவர், கனவுறக்கத்தின் பெரும்பகுதியையே வெட்டி எறிபவராவர். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. பகலில் ஊன்றிப் படிப்பது நம் கடமை. இரவில் நாம் விளக்கை அணைத்தபின், மூளை தன் வேலையைத் தொடங்குகின்றது. அதற்குரிய பொழுதை அதற்குக் கொடுப்போமாக!